பாதிரியார் வேஷம்

சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிறவன் என்பதால் பட்டறையில் அந்த வெல்டருக்குப் 'பாதிரி' என்று பெயர். மூடிய கண் திறப்பதற்குள் டப்பாவில் ஒரு நட்டைப் போட்டு வைப்பார்கள். எடுத்துத் தூர வைத்துவிட்டுச் சாப்பிடுவான். அதெல்லாம் அவனுக்குக் கொசுக்கடி.

ஆனால் அந்த வருஷம் ஃபோர்மன் இடம் காலியானது. வெல்டிங் வெளிச்சத்தில் வெல்டருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. படுத்தால் இமைக்குள் மணலைக் கொட்டின மாதிரி உறுத்தும். ஃபோர்மன் நெருப்பைப் பார்க்க வேண்டாம். நெருப்பைப் பார்க்கிறவனைப் பார்த்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து, கம்பெனி விழாவுக்கு நாடகம் என்றார்கள். குடிகாரப் பாதிரியார் ஒருவர் திருவிருந்து கொடுக்கிறார். அப்பத்துக்குப் பதில் பன், திராட்சை ரசத்துக்குப் பதில் குளிர்பானம். சிரிப்பு அவ்வளவுதான். மானேஜர் அவனைக் கூப்பிட்டார்.

"உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே, நீயே பண்ணிடு. நாலு பேரோட கலகலன்னு இருக்குற ஆளத்தான் ஃபோர்மனாப் போட முடியும்."

செத்துப்போன தன் அப்பாவை வைத்து நாடகம் போடச் சொன்னால் இந்த மனிதர் கலகலவென்று இருப்பாரா என்று நினைத்தான். 

அவன் மனைவியின் அண்ணன் அங்கேதான் ஸ்டோர் கீப்பர். சபையில் கமிட்டி மெம்பர், திருவிருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர். அவர் சொன்னார்: "மாப்பிள்ள, ஆண்டவர் இருதயத்தப் பாக்குறவரு. பன்னையா பாக்குறாரு?"

"பன்னைப் பாக்கலன்னா அப்பத்தையும் பாக்க மாட்டாரே, மச்சான்."

"உலகத்துல இருக்கோம், அனுசரிச்சுத்தான் போகணும். நம்ம ஆளு மேல வந்தா சபைக்கே அது சாட்சி."

மச்சானுக்கு எல்லாமே சாட்சிதான். மானேஜருக்கு முன்னால் முதுகு வளைவது சாட்சி. கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொள்வதும் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வெளியே வந்து காற்று வாங்கும்.

விழா அன்று இரும்பு பிளேட்டுகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். படுக்கை விரிப்பைத் தைத்து ஓர் அங்கி. வெல்டர் வலது கையை அதற்குள் நுழைத்தும்விட்டான். கண் எரிச்சல் அப்படி. அப்போது யாரோ ஒருவன் பன்னைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தான். பிசுபிசுத்தது. பன்னைக் கீழே வைத்து, கையை உருவிக்கொண்டான்.

"என்னால முடியாது சார்."

"ஏன்?"

"நான் இத நம்புறேன்."

ஒருவனும் சிரிக்கவில்லை. ஏதோ அசிங்கமான வார்த்தையைக் கேட்டதுபோலத் தரையைப் பார்த்தார்கள்.

"அப்போ யாருய்யா பண்றது?"

"நான் பண்றேன் சார்," என்றார் மச்சான். அங்கி அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

நன்றாகவே செய்தார். தள்ளாடினார், விக்கினார், விழப்போனார். கைதட்டல் காதைப் பிளந்தது. 'இது என்னுடைய சரீரம்' என்று சொல்லிப் பன்னைத் தூக்கிப் பிட்கிற இடம் வந்தது. அங்கே வாய் அவரை ஏமாற்றிவிட்டது. அந்த வார்த்தைகளுக்குக் காலமெல்லாம் தலைகுனிந்து நின்ற ஆள். குழறல் நின்றது. குரல் இறங்கி, ஒழுங்காக, பயபக்தியோடு அதைச் சொன்னார். தலையும் தானாகக் கவிழ்ந்தது.

கூட்டம் ஒரு நொடி முழித்தது. பிறகு இதுவும் நடிப்பு என்று எண்ணித் தகரக்கூரை அதிர விசிலடித்தது.

மச்சான் நிமிர்ந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. 'இறங்கிடுங்க மச்சான்' என்று வெல்டர் மனசுக்குள் சொன்னான். அப்போதுகூட அவர் பன்னை வைத்துவிட்டு இறங்கியிருக்கலாம்.

மச்சான் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார்.

அடுத்த வாரமே வெல்டிங் எலெக்ட்ரோடை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனிதர் ஃபோர்மன் ஆனார். "எங்க அண்ணன் பொழைக்கத் தெரிஞ்சவரு," என்றாள் வெல்டரின் மனைவி. "ஆமா, அது மட்டுந்தான் தெரியும்," என்றான் அவன்.

புதுச் சட்டையோடு மச்சான் அவன் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார்.

"மாப்பிள்ள, ஸ்டோர்ல என் இடம் இப்ப காலிதான். உன்ன அங்க போடச் சொல்லி மானேஜர்கிட்ட பேசுறேன். நீ அன்னைக்கு நடந்ததச் சபையில யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் எதுக்குச் சொல்லணும் மச்சான்? ஆண்டவருக்கே கேக்குற மாதிரிதான சொன்னீங்க."

"அப்ப ஸ்டோருக்கு வர்றியா?"

"வரல. தள்ளி நில்லுங்க, சட்ட பொசுங்கிடும்."

முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு குழாயின்மேல் குனிந்தான்.