ஒன்றுமே நடக்காத குடைக் கம்பெனி

குடைக் கம்பெனியில் மேனேஜர் அறைக்குள் மட்டும் எப்போதும் மறுநாளாகவே இருந்தது. வெளியே செவ்வாய் என்றால் உள்ளே புதன். கட்டடம் கட்டியபோதிலிருந்தே அப்படித்தான் என்று சிலரும், கூரை மாற்றிய பிறகுதான் என்று சிலரும் சொன்னார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே வைத்த சாப்பாடு மத்தியானத்துக்குள் ஊசிப்போய்விடும் என்பதால் மேனேஜர் தன் டிபன் கேரியரை வாசல் பெஞ்சில் வைத்துத் தொழிலாளர்களோடு சாப்பிட்டார். மற்றபடி நல்ல அறை, காற்றோட்டமானது. ஜன்னல் வழியே வெட்டும் கூடம், தையல் வரிசை, அதற்கு அப்பால் கேட் வரைக்கும் தெரியும். தெரிவதெல்லாம் மறுநாளையது, அவ்வளவுதான்.

காலையில் வந்ததும் மேனேஜர் ஜன்னலில் நிற்பார். தையல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாகத் தெரிந்தால் அன்றைக்கே வேறு ஆளுக்குச் சொல்லி அனுப்புவார். கைப்பிடி தீர்ந்துபோய் ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் கைப்பிடி வியாபாரிக்குப் போன் போடுவார். இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால், தனித்தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவார். எதற்கு இந்தச் சமாதானம் என்று அவர்களுக்கே புரியாது, சண்டை இன்னும் ஆரம்பித்திருக்காதே! பிறகு அறைக்குத் திரும்பி மறுபடி பார்ப்பார். நாற்காலியில் ஆள் இருக்கும், சட்டைகள் கசங்காமல் இருக்கும். அப்பாடா என்று உட்காருவார். இப்படியே பத்து வருஷம் ஓடியது. அந்தப் பத்து வருஷத்தில் குடைக் கம்பெனியில் ஒன்றுமே நடக்கவில்லை, மேனேஜருக்குத் தலை நரைத்ததைத் தவிர.

ஒன்றுமே நடக்காத இடத்தில் இந்த ஆள் என்னத்தைக் கிழிக்கிறார் என்று முதலாளிக்குத் தோன்றியதில் தப்பில்லை. அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். நாளைய தலைவலியை இன்றைக்கே வாங்கிக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா? வீட்டில் மேனேஜரின் மனைவிக்கு வேறு குறை. பேசிக்கொண்டிருக்கும்போதே மனிதர் மறுநாளைக்குப் போய்விடுவார். "நாளைக் கதை கெடக்கட்டுங்க, இன்னிக்குப் பால் வாங்கிட்டு வந்தீங்களா?" என்பாள். வாங்கியிருக்க மாட்டார்.

ஒரு நாள், மழைக்காலத்துக்கு முந்திய பெரிய ஆர்டர் மறுநாள் மத்தியானம் லாரி ஏற வேண்டும். அன்று காலை ஜன்னலில், துணி வெட்டும் இயந்திரம் நின்றிருந்தது. அதன் நீளக் கத்தி அறுந்து கிடந்தது. பக்கத்தில் கத்திரியக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து துணி வெட்டுகிறவள். பட்டப்பெயர் வேலைக்காக வந்ததா வாய்க்காக வந்ததா என்று இன்னும் முடிவாகவில்லை. அவளுடைய வலது கையில் குடைத்துணியைச் சுற்றி நாலு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். துணி கறுப்பு என்பதால் நிறம் தெரியவில்லை. தரையில் தெரிந்தது.

மேனேஜர் வெட்டும் கூடத்துக்கு ஓடினார். மெக்கானிக்கைக் கூட்டிவந்து கத்தியைக் காட்டினார். "நல்லாத்தானே சார் இருக்கு" என்றான் அவன். புதுக் கத்திக்குச் சொன்னார், மறுநாள் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். கத்திரியக்காவுக்கு லீவு கொடுத்துவிட்டு வந்து பார்த்தார். தரையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். லீவை ரத்து செய்து, வேலை நேரத்தை மாற்றிவிட்டு வந்து பார்த்தார். வெயில் மட்டும்தான் இடம் மாறியிருந்தது. கடைசியில், மறுநாள் முழுக்க இயந்திரத்தைப் பூட்டி வைப்பது, சாவியைத் தானே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு பார்த்தார். கத்தி முழுதாக இருந்தது. தரை சுத்தமாக இருந்தது. லாரி காலியாக நின்றது. தூரத்தில், தோளில் பையோடு, தானே கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

முதலாளியிடம், மெஷின் ஓடினால் ஒருத்தர் கை போய்விடும் என்று உள்ளதைச் சொன்னார். கத்திரியக்காவிடம் சொல்லவில்லை. உன் கை போகப்போகிறது என்று கேட்ட பிறகு எந்தக் கைதான் நடுங்காமல் கத்தரியைப் பிடிக்கும்?

"பத்து வருஷமா அது நடக்கும், இது நடக்கும்னுதான் சொல்றீங்க. ஒண்ணாவது நடந்திருக்கா?" என்றார் முதலாளி.

"நடக்கல முதலாளி."

"அப்புறம் என்ன? நாளைக்கு லாரி காலியாப் போச்சுன்னா நீங்களும் அதோடவே போயிடுங்க."

மேனேஜரிடம் பதில் இருந்தது, எடுத்துக் காட்டத்தான் ஒன்றுமில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போகும் என்பதையும் சொன்னார்.  துணி மடித்துக்கொண்டிருந்த அவள், வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. மடித்த சட்டையை நீட்டினாள்.

"சாவியை இந்தப் பையில போடாதீங்க. ஓட்டை இருக்கு" என்றாள்.

மறுநாள் இயந்திரம் ஓடவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, லாரி காலியாகப் போயிற்று. மேனேஜரும் போனார். சாயங்காலம் புதுக் கத்தி வந்தது. பழையதில் ஒரு கீறல்கூட இல்லை என்று ஆளாளுக்குத் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அது பழைய இரும்புக்குப் போயிற்று. அறைக்குப் புது மேனேஜர் வந்தார். முதல் வாரம் ஜன்னல் பக்கம் போகவே பயந்தார், அப்புறம் பழகிக்கொண்டார். இப்போதும் அங்கே ஒன்றும் நடப்பதில்லை என்று முதலாளி குறைப்படுவதாகக் கேள்வி.

கத்திரியக்காவுக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. ஒரு நாள் கூலி போனதுகூடப் பரவாயில்லை, தன் கையை நம்பாமல் மெஷினைப் பூட்டிவிட்டாரே மனுஷன், என்ன மாதிரி அவமானம்! வருஷங்கள் ஆகியும் கடைத்தெருவில் பழைய மேனேஜரைக் கண்டால் வழிமறித்து, பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டித் திட்டுகிறாள். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாலும் அவர் நகர்வதில்லை. அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவள் மூச்சு வாங்கும்வரை நிற்கிறார்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்கிறார்.

"ஏன், எனக்கென்ன கேடு?" என்கிறாள் அவள்.