பிரவீனா ஜெயித்த மூன்று நாட்கள்

பிரவீனாவோடு வாதாடி ஜெயித்த ஆள் ஜேடர்பாளையம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. தோற்கடிப்பதோடு விட மாட்டாள், எந்த இடத்தில் தோற்றீர்கள் என்பதையும் உட்காரவைத்து விளக்குவாள். அது அவளுக்குத் தொழில். நாமக்கல்லில் வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் ஆள் தயார் செய்கிற பயிற்சி மையம் ஒன்றில் தர்க்கப் பாடம் எடுக்கிறாள். ஒரு கருத்தைச் சொல்லி, அதற்குக் கொடுத்த காரணம் வலுவானதா ஓட்டையா என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். அவளிடம் மூன்று மாதம் படித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொந்த அப்பனையே மடக்கிவிட்டு வந்து, அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

ஓட்டைகளுக்கெல்லாம் அவளே தமிழில் பெயர் வைத்திருந்தாள். ஒருவருக்கு நடந்ததை வைத்து ஊருக்கே சட்டம் போட்டால் அது ஒத்தை உதாரணம். சொன்ன விஷயத்தை விட்டுவிட்டுச் சொன்னவரைப் பிடித்துக்கொண்டால் ஆளை அடிக்கிறது. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றால் மந்தை. ஒரு படி இறங்கினால் பாதாளம் வரைக்கும் போய்விடும் என்று பயமுறுத்தினால் சறுக்கு மரம். புத்தகத்தில் இருந்த பெயர்களைவிட இவை பிள்ளைகளுக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டன.

இத்தனையும் தெரிந்தவளால் பெற்ற தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியவில்லை.

அம்மா சௌந்திரத்துக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. வலது காலின் பெருவிரல் நகக்கண்ணில் வந்த புண் ஆறாமல், அந்த விரலும் பக்கத்து விரலும் கறுத்துப்போயிருந்தன. திங்கட்கிழமை காலை பிரவீனா அவளை நாமக்கல் டாக்டரம்மாவிடம் காட்டினாள். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டு விரலையும் எடுத்துவிட வேண்டும், மறுநாளே வந்து படுத்துவிட்டால் நல்லது, தள்ளிப்போட்டால் எது வரைக்கும் ஏறும் என்று சொல்ல முடியாது. சௌந்திரம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வெளியே வந்து செருப்பை மாட்டியதும், "ஊட்டுக்குப் போலாஞ் சாமி" என்றாள்.

சேலையும் துண்டும் எடுத்து வரத்தான் போகிறோம் என்று பிரவீனா நினைத்தாள். வீட்டுக்குப் போனால் மாமன் கந்தவேல் காத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி; அப்பா லாரியோடு வடக்கே போகும்போதெல்லாம் வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். வெற்றிலைக் கொடிக்காலும் கொஞ்சம் வாழையும் வைத்திருக்கிறார். உலகத்தில் அவருக்குத் தெரியாத நோயும் கிடையாது, நம்பிக்கையான டாக்டரும் கிடையாது.

"வெரல எடுக்கறதா? சென்னியப்பனுக்கு இப்படித்தான் எடுத்தாங்க. ஆறு மாசத்துல ஆளே போயிட்டான். கத்தி வெக்காம இருந்திருந்தா இன்னிக்கும் வெத்தலைக் கட்டு கட்டிட்டு இருந்திருப்பான்."

"மாமா, சென்னியப்பன் மாமா செத்தது நெஞ்சு வலியில. அது ஒத்தை உதாரணங்க. நம்மூர்ல நாலு பேருக்கு வெரல் எடுத்திருக்காங்க. மத்த மூணு பேரும் நடமாடிட்டுத்தான இருக்கறாங்க? அவங்கள ஏன் எண்ண மாட்டீங்கறீங்க?"

"இன்னிக்கு வெரலும்பாங்க, நாளைக்குப் பாதம்பாங்க, அப்பறம் முட்டியில வந்து நிப்பாங்க."

"எடுக்கறதால ஏறுதா, எடுக்காம உடறதால ஏறுதாங்க? எடுத்தாத்தான் நிக்கும்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க தலைகீழாச் சொல்றீங்க."

"ரெண்டு எழுத்துப் படிச்சுப்போட்டா ஊர்ல ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாதும்ப. ஒரு ரசம் வெக்கத் தெரியுமா உனக்கு?"

"பாத்தீங்களா, இது ஆளை அடிக்கிறது. எனக்கு ரசம் வெக்கத் தெரியாததுக்கும் அம்மா காலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

கந்தவேல் அதற்கு மேல் நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போனார். பிரவீனா வெற்றியோடு அம்மா பக்கம் திரும்பினாள். சௌந்திரம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றதெல்லாஞ் செரிதாங் கண்ணு" என்றாள்.

"அப்பப் போலாமா?"

"பாக்கலாம்."

இந்தப் 'பாக்கலாம்' இருக்கிறதே, அதற்கு எந்தப் புத்தகத்திலும் மருந்து இல்லை. மறுத்துப் பேசினால் மடக்கலாம். ஒத்துக்கொண்டே நகராமல் உட்கார்ந்திருக்கிறவளை என்ன செய்வது? பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு இரவுச் சோற்றை அவள் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வகுப்புக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பியபோது வேறு ஒன்று நடந்துவிட்டிருந்தது. சௌந்திரமும் கந்தவேலும் செல்லாண்டியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, பெரிய காரியம் எதுவானாலும் பூக் கேட்காமல் தொடங்குவதில்லை. வெள்ளையரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"செவப்பு வந்துருச்சு" என்றாள் சௌந்திரம்.

"ஆத்தாளே வேண்டாம்னுட்டா. இனி என்ன பேச்சு?" என்றார் கந்தவேல். உள்ளே பூப் பார்த்தபோது அவர் வெளியே யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாராம். இருந்தாலும் சாமி தன் கட்சிக்கு வந்துவிட்டதில் அவருக்குத் தனிக் களை வந்திருந்தது.

பிரவீனா உட்கார்ந்து பேசினாள், நின்று பேசினாள். ரெண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தால் பாதிக்குப் பாதி எது வேண்டுமானாலும் வரும் என்றாள். காசைச் சுண்டிவிட்டு வைத்தியம் பார்ப்பதும் இதுவும் ஒன்று என்றாள். போன வருடம் வாழைக்குப் பூக் கேட்டீர்களே, வெள்ளை வந்ததே, காற்றில் முக்கால் தோட்டம் சாய்ந்ததே, அப்போது பூ எங்கே போயிற்று என்று மாமனைக் கேட்டாள். அது நேரம் சரியில்லை என்றார் அவர். பலித்தால் சாமி, பலிக்காவிட்டால் நேரமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். கந்தவேல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். அவள் அம்மாவைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னாள்.

"பூவுல ஒண்ணுமில்லம்மா. அது வெறும் பூ. அது சொல்லி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது."

"நீ சொல்றது செரிதாஞ் சாமி" என்றாள் சௌந்திரம்.

புதன்கிழமை வகுப்பில் பிரவீனாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெயரை மட்டும் மாற்றி, மாமன் சொன்னதையெல்லாம் பலகையில் வரிசையாக எழுதிப்போட்டாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். ரசத்துக்கு வகுப்பே சிரித்தது. பூவுக்கு இன்னும் அதிகமாகச் சிரித்தது. அவளும் சிரித்தாள், இரண்டு நாளில் முதல் தடவையாக. கடைசி பெஞ்சில் கனிஷ்கா என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், எல்லா ஓட்டையும் கண்டுபிடிச்சாச்சு. அந்தம்மா ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களா?"

"அது கேள்வியில இல்ல" என்று சொல்லிவிட்டுப் பிரவீனா பலகையைத் துடைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மாவுக்குக் காய்ச்சல். கட்டைப் பிரித்ததும் வந்த வாடையில் கந்தவேல்கூடப் பேசாமல் எழுந்து வெளியே போனார். பிரவீனா கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அழுதேவிட்டாள். "காச்சல் உட்டுட்டும், பாக்கலாம்" என்று சொல்லிச் சௌந்திரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் பிரவீனா நேராகக் கோயிலுக்குப் போனாள். வெட்கக்கேடுதான், ஆனாலும் போனாள். ஒரு தடவை கேட்டது செல்லாது, மூன்று தடவை கேட்டு இரண்டு தடவை வந்ததைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பூசாரியையே அம்மாவிடம் சொல்லவைப்பது அவள் திட்டம். வேண்டியது வருகிறவரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது. அதை அன்றைக்கு அவள் நினைத்துக்கொள்ளவில்லை.

பூசாரி வீரபாகு வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கிறவரை கேட்டுவிட்டு விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார்.

"மறுக்கா எதுக்கு அம்மிணி கேக்கோணும்? வெள்ளைதான வந்துச்சு?"

"செவப்புன்னு அம்மா சொன்னாங்களே."

"வெள்ளையரளி. நாந்தான் பிரிச்சுக் கையில குடுத்தேன். நல்ல வாக்கு வந்திருக்குது, தைரியமாப் போயிட்டு வா தாயின்னுகூடச் சொன்னனே. வாங்கி மடியில கட்டிட்டுப் போச்சு."

பிரவீனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாமி அவள் கட்சி. செவ்வாய்க்கிழமையே அவள் கட்சிக்கு வந்துவிட்டிருந்த சாமியை எதிர்த்துத்தான் அவள் இரண்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். வண்டியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு உள்ளே போனாள்.

"வெள்ளை வந்திருக்குது. பூசாரியக் கேட்டுட்டுத்தான் வாரேன். ஏம்மா பொய் சொன்ன? ஆத்தாளே பண்ணிக்கச் சொல்லியிருக்கறா. இனி நீ ஒண்ணும் பேச முடியாது, எந்திரி."

சௌந்திரம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. கேலியோ கோபமோ இல்லாமல், மகள் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"பூவுல ஒண்ணுமில்ல, அது சொல்லி முடிவு எடுக்கக் கூடாதுன்னு நீதான கண்ணு சொன்ன."

பிரவீனா கையிலிருந்த வண்டிச் சாவியைக் கட்டில் மேல் வைத்தாள். தனக்குச் சாதகமாக வந்தவுடன், ஆகாது என்று தள்ளிய சாட்சியைத் தானே பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். இதே வேலையைச் செய்த மாமனை இரண்டு நாளைக்கு முன் மடக்கியவள் அவள்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அம்மா, வாத்திச்சி மகளை ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்துவிட்டாள். அவமானமும் ஆற்றாமையுமாகக் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லாததால் கேட்டாள்.

"அப்ப எதுக்கும்மா வேண்டாங்கற?"

மூன்று நாளில் இதை யாரும் கேட்டிருக்கவில்லை. சொல்வதற்குத்தான் எல்லாரிடமும் விஷயம் இருந்தது.

சௌந்திரம் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கால்கட்டின் நுனியை விலக்கினாள். பெருவிரலுக்குப் பக்கத்து விரலில், வீங்கிய சதைக்குள் மெட்டி பாதி புதைந்திருந்தது. "இந்த வெரலயுந்தான எடுக்கோணும்ங்கறாங்க. உங்கப்பன் ரோட்டுல இருக்குது. முப்பத்தாறு வருசமா அது லாரி ஏறிப் போறப்பெல்லாம் இதத்தான் தொட்டுக் கும்பிட்டுட்டு இருக்கறேன். மெட்டி போடற வெரல வெட்டிப்போட்டு உக்காந்திருந்தா, அங்க அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அப்பா சின்னண்ணன் டிரெய்லர் ஓட்டுகிறவர். அப்போது நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். விரலை எடுப்பதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை, வண்டி ஓட்டுகிற மனுசனுக்கு எதற்குக் கவலை என்று. மெட்டிக்கும் லாரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதற்கு எட்டுக் காரணம் பிரவீனாவின் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள். போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, அம்மா காதில் வைத்தாள்.

சின்னண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். இரைச்சலில் பழகிய குரல், போனுக்கு வெளியேயும் கேட்டது. "ஏஞ் சௌந்திரம், அந்தப் பக்கக் கால்ல ஒண்ணு கெடக்குதில்ல? அதுபோதும் எனக்கு. காலே போயிருச்சுன்னா மெட்டிய எங்க போடுவ? மொதல்ல கெளம்பு."

"செரிங்க" என்றாள் சௌந்திரம். பிறகு மகளைப் பார்த்து, "அந்த நீலச் சேலைய எடு" என்றாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிரவீனாவுக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். காலைத் திருப்பிப் பார்த்தார், மேல் பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் பிரவீனாவை மட்டும் வெளியே அழைத்தார்.

"ரெண்டு விரலோட நிக்காதும்மா. பாதி பாதம் எடுக்கணும். அதுக்கு மேல ஏறாம இருந்தா அதிர்ஷ்டம். திங்கட்கிழமையே சொன்னேனே, மூணு நாளா என்ன பண்ணீங்க?"

பிரவீனா கதவிடுக்கு வழியாக உள்ளே தெரிந்த நீலச் சேலையைப் பார்த்தாள்.

"பெரியவங்க பயப்படுவாங்க, ஆயிரம் சொல்லுவாங்க. நீங்க படிச்சவங்க. வாத்தியாரா வேற இருக்கீங்க. எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் டாக்டர்" என்றாள் பிரவீனா. "மூணு நாளாச் சொல்லிட்டேதான் இருந்தேன்."