மறக்காமல் போடவும்

அப்பாவின் கட்டைவிரல் நகம் நகவெட்டியோடு கழன்று வந்துவிட்டது. அவர் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த மகன்தான் நகவெட்டியைக் கீழே போட்டான். தலையணை முழுக்க முடி. போதாக்குறைக்கு மூச்சில் பூண்டு வாடை. அப்பாவுக்குப் பூண்டு ஆகாது என்று அந்த வீட்டில் பூண்டு வாங்குவதே இல்லை.

மகன் லிஃப்ட் மெக்கானிக். மறதி நோய் வந்த அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தான். அக்கா தினமும் வந்து போவாள். போன வாரம் அப்பா எறிந்த டம்ளர் அவள் புருவத்தைக் கிழித்தது. கோபம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். இப்போது கை நடுங்க, கண்டதற்கெல்லாம் கத்துகிறார். அக்கா முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்துவிட்டாள்.

"திங்கக்கிழமை இடம் காலியாகுது. அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்."

டாக்டரம்மா அப்பாவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குனிந்தவர், அப்பாவின் மூச்சில் பூண்டு வாடை பட்டதும் சட்டென்று நிமிர்ந்தார்.

"நான் எழுதினதைத் தவிர வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர்," என்றாள் அக்கா. தம்பியை நம்பிச் சொன்னாள்.

ஆனால் தம்பி கொடுத்துக்கொண்டிருந்தான்: செலினியம் என்ற தாதுச்சத்து மாத்திரை. செலினியம் மூளைக்கு நல்லது, ஞாபகம் திரும்பும் என்று யாரோ சொல்ல, வீடியோக்களும் ஆமாம் போட்டன. டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதே என்று அக்கா சொன்னபோது தலையை நன்றாக ஆட்டினான். ஆட்டிவிட்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டு பெரிய டப்பாக்களை வாங்கி வந்தான். இப்போது வாயைத் திறந்தால் அக்கா அப்பாவை இனி அவனிடம் விடவே மாட்டாள். திறக்காவிட்டால்? மேசைமேல் அப்பாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"செலினியம் குடுத்தேன் டாக்டர். தினம் ஒண்ணுதான்."

அக்கா நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"தினம் ஒண்ணு போட்டு இந்த அளவுக்கு ஆகாதே," என்றார் டாக்டரம்மா. "டப்பாவை எடுத்துட்டு வாங்க."

வீடு அடுத்த தெருதான். ஓடினான். ஒரு டப்பா காலி. இரண்டாவதில் அடி தெரிந்தது. அலமாரிக் கதவைச் சாத்தும்போதுதான், வேலைக்குப் போகும் நாட்களுக்காக அதில் ஒட்டிவைத்த தன் கையெழுத்தையே பார்த்தான்: 'அப்பா, மாத்திரை இங்கே. மறக்காமல் போடவும்.'

லிஃப்டுக்குள் எத்தனை அறிவிப்பு ஒட்டியிருப்பான்! எல்லோரும் படிப்பார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்பா கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் படித்திருக்கிறார், படித்தபோதெல்லாம் போட்டிருக்கிறார். போட்டது அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? டப்பாக்களை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினான்.

டாக்டரம்மா டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். "மூளைக்கு செலினியம் வேணும்தான். ஆனா துளியூண்டு போதும், அது சாப்பாட்டுலயே கிடைச்சிடும். மேல மேல போட்டா ஞாபகம் திரும்பும்னு யாரும் உறுதியா நிரூபிக்கல. அளவு மீறினா விஷம். இதுக்குன்னே ஒரு பழமொழி இருக்கு, உங்களுக்கே தெரியும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க, இதை இன்னியோட நிறுத்துங்க. முடி, நகம், பூண்டு வாடை, நடுக்கம், இந்தக் கோபம் எல்லாம் இதனாலதான்னு நினைக்கிறேன், மெல்லக் குறையும். மறதி முன்னாடியே இருந்தது. அது போகாது."

வெளியே வந்ததும் அக்கா புருவத்துக் காயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்போ என்னை அடிச்சது அப்பா இல்ல," என்றாள். பிறகு இல்லத்துக்கு போன் செய்து, திங்கட்கிழமை வரவில்லை என்றாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தம்பிக்கு முன்னால் நடந்தாள்.

அன்று சாயங்காலம் அவன் அந்தக் காகிதத்தைக் கிழித்து எறிந்தான். திரும்பினால் பின்னால் அப்பா. வெறும் கதவைத் தடவித் தடவித் தேடினார்.

"இங்க ஒண்ணு எழுதியிருந்துதே. என்னமோ செய்யணும் நான்."

"எல்லாம் செஞ்சாச்சுப்பா. இனிமே ஒண்ணும் வேணாம்."

அப்பா அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. ஆனாலும் மரியாதையாகச் சொன்னார்:

"என் பையன் எழுதி வெச்சதுங்க அது. வந்தான்னா சொல்லுங்க, நான் ஒரு தடவைகூட மறக்கலன்னு."