இறங்கிய சிஆர்பி

எண்களைக் கண்டால் சோறு மறக்கிறவள் வான்மதி. அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் சோதனை முடிவுகளை அட்டவணையாக்குவதுதான் அவளுக்குப் பன்னிரண்டு வருட உத்தியோகம். இரண்டாயிரத்து இருபது ஏப்ரலில் புருஷன் இனியன் கோவிட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யாரையும் உள்ளே விடவில்லை. அவளுக்கு மிஞ்சியது ஓர் எக்செல் ஷீட்.

தினமும் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி ஆப்பில் ரத்த ரிப்போர்ட் வரும். உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பியை மட்டும் எடுத்துக் கிராஃப் போடுவாள். மற்ற வரிகளைப் பார்க்கத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு. வியாழக்கிழமை நாற்பத்தாறு! ஓவென்று அழுதுவிட்டு, கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் மாமியார் ராமாத்தாளுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, நம்பர் நல்லா கொறஞ்சிருச்சுங்க!"

"எஞ்சாமி! பையன் பொழச்சுக்குவானா கண்ணு?"

"பொழச்சுக்குவாருங்க அத்தை."

அப்படிச் சொல்ல இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்தக் கிராஃப்தான்.

போனை வைத்ததும் இனியனின் வீடியோ கால். மூக்கில் தடித்த ஆக்சிஜன் குழாய்.

"மதி... கொஞ்சம் பேசேன்."

"நீ பேசாதப்பா, மூச்சு வாங்குது. சிஆர்பி சூப்பரா இறங்கிடுச்சு. கிராஃப் பாரு."

"நான் பேசல. நீ பேசு. சும்மா... ஏதாவது."

"ரெஸ்ட் எடு இனியா. நாளைக்கு நிறையப் பேசலாம்."

அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்தே கட் பண்ணினாள்.

அன்று இரவு பத்தே முக்காலுக்கு டாக்டர் சயந்தன் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், அவளிடம் தமிழிலேயே பேசுகிறவர்.

"அக்கா, ஆக்சிஜன் சடாரெண்டு இறங்கிட்டுது. வென்டிலேட்டர் போட மயக்க மருந்து குடுத்திட்டம்."

"சிஆர்பி குறைஞ்சிருக்கே டாக்டர்!"

"அது செவ்வாய்க்கிழமை போட்ட ஊசி குறைச்சது. அந்த ஊசிக்குப் பிறகு சிஆர்பியை நம்பேலாது. டி-டைமர் நாலு மடங்கு ஏறியிருக்கு, பாக்கேல்லையோ? ரத்தம் கட்டியாகுதெண்டு அர்த்தம்."

பார்க்கவில்லை. ஆனால் ஊசி விஷயம் தெரியாதவளா? போனில் அதற்குச் சம்மதம் சொன்னவளே அவள்தான். அதே வகையைச் சேர்ந்த மூட்டுவாத மருந்தொன்றின் அட்டவணைக்கு அடியில், 'இதற்குப் பின் சிஆர்பியை வைத்து நோயின் கடுமையை எடைபோடக் கூடாது' என்று இரண்டு வருடம் முன்பு குறிப்பு எழுதியவளும் அவள்தான். ஊருக்கெல்லாம் எழுதி வைத்தது தன் புருஷன் விஷயத்தில் நினைவுக்கு வரவில்லையே.

"ஒரு நிமிஷம் அவர்கிட்ட பேசட்டுமா?"

"அவரால பேசேலாது அக்கா. நர்ஸ் போனைக் காதடியில பிடிப்பா. கேக்குமோ எண்டு தெரியேல்ல."

போனில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. இந்த முறை அவள் எண் எதையும் சொல்லவில்லை.

"இனியா, பேஸ்மென்ட்ல தண்ணி கசியுதுப்பா. நீ சொன்ன மாதிரியே பக்கெட் வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு நஞ்சப்பன் அங்கிள் பால் வாங்கி வாசல்ல வச்சுட்டுப் போறாரு. உன் செருப்பைத்தான் போட்டுட்டு நடக்குறேன், பெருசா இருக்கு..."

காலையில் அவன் கேட்டது இவ்வளவுதான். நேரமாகிவிட்டது என்று நர்ஸ் போனை வைத்த பிறகும் வான்மதி பேசிக்கொண்டே இருந்தாள்.