பலவேசம் இழுத்துப் போட்ட ஆள்

வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியை ஆய்வுக்காகப் பூட்டியிருந்ததால், குருவம்மாள் கண்ணுச்சாமியின் கரிசல் காட்டில் கருவேல முள் வெட்ட வந்திருந்தாள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சின்னத் தபால் விமானம் ஒன்று விழுந்து எரிந்த இடம் அது. ஓட்டியவரின் பேத்தி மும்பையிலிருந்து பார்க்க வருகிறார் என்று சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்கள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டில் புருசன் சங்கிலிமுத்து, போன சீசனில் வெடிமருந்து அறையில் தீப்பிடித்து வெந்த உடம்போடு படுத்துக் கிடந்தான். அவனுக்குக் கஞ்சி ஊட்டப் போக வேண்டும் என்பதைத் தவிர அவள் மனசில் எதுவும் ஓடவில்லை.

கார் வந்தது. நரைத்த தலையோடு இறங்கிய அந்த அம்மா, வெட்டிப் போட்ட முள்ளை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கூட வந்த உள்ளூர்ப் பையன் சரவணக்குமார் தமிழில் சொன்னான். தாத்தா பிழைத்து, கிழவராகித்தான் இறந்தாராம். தீக்குள் வந்து தன்னை இழுத்துப் போட்டது யாரென்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"எங்க தாத்தாதான்," என்றார் காட்டுக்காரர் கண்ணுச்சாமி. பொய் சொல்கிற முகமில்லை. அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

குருவம்மாளின் வீட்டில் வேறு மாதிரி. இழுத்துப் போட்டது சங்கிலிமுத்துவின் பூட்டன் பலவேசம். இதே காட்டில் கூலிக்கு உழுதவர். வெந்து கிடந்து, "அந்தாளு பொளச்சுக்கிட்டாரா?" என்று கேட்டபடியே போய்ச் சேர்ந்தவர். பதில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாமியார் இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் பாதிதான் காதில் வாங்கியிருக்கிறாள். சங்கிலிமுத்துவைப் புரட்டிப் படுக்க வைக்கையில் அவன் பல்லைக் கடிப்பதைப் பார்த்த பிறகுதான், அந்த வேதனையிலும் ஒரு மனுசன் இன்னொருத்தனைப் பற்றிக் கேட்டிருக்கிறான் என்பது உறைத்தது.

பேசினால் நாளை இந்தக் காட்டில் வேலை இருக்காது. கம்பெனி எப்போது திறக்கும் என்றும் தெரியாது.

"அவுக இல்லீங்கய்யா," என்றாள். "எங்க வீட்டு ஆளு. பேரு பலவேசம். அந்தத் தீயிலதான் செத்தாக."

கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "வெயிலு ஏறுது, நீ போ தாயி," என்றார். என்ன சொன்னாள் என்று அந்த அம்மா கேட்டதற்கு, சரவணக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு வெயிலைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தான்.

குருவம்மாள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மாவின் அருகில் போனாள். மண்ணைக் காட்டினாள். இழுப்பதுபோல் இரண்டு கைகளையும் நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்தாள்.

"பலவேசம்," என்றாள். மறுபடியும், மெதுவாக, "பலவேசம்."

அந்த அம்மா அவள் உதட்டையே பார்த்தார்.

குருவம்மாள் வரப்பேறி நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது, கண்ணுச்சாமி கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அந்த அம்மா ஏறாமல், உதட்டை மட்டும் அசைத்தபடி அங்கேயே நின்றிருந்தார்.