காற்று வீசும் பக்கம்

நீலாவதி முந்தி முடிச்சை அவிழ்த்து இன்ஹேலரை எடுத்தபோது அதன் வாயெல்லாம் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. மூடி எங்கே விழுந்து தொலைந்ததோ. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் இன்னும் சூளைக்குப் போகாத பொம்மைகளை ஓரம் சுரண்டிக்கொண்டிருந்தவள், தூள் படிந்த சேலையோடு அப்படியே ஸ்கூல் மைதானத்துக்கு ஓடி வந்திருந்தாள்.

நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு மகள் அனுசியா காத்திருந்தாள். ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளட்டும், விளையாட்டை மட்டும் நிறுத்தாதீங்க என்று கடலூர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சொல்லி என்ன? மருந்தை மகளிடம் விட நீலாவதிக்கு மனசு வரவில்லை. நாலு பேர் கண்ணில் பட்டால் பெண்ணுக்கு இழுப்பு என்று ஊரெல்லாம் பரவும், நாளைக்கு எவன் கட்டுவான் என்ற பயம். அதனால் தன் முந்தியிலேயே முடிந்து வைத்திருந்தாள்.

மருந்தை வாங்கக் கிட்டே வந்த அனுசியா இருமத் தொடங்கினாள். தோள் இரண்டும் ஏறி இறங்கின. நெஞ்சுக்குள் கீச்சென்று சத்தம். கம்பெனி விட்டு வந்து மகளைக் கட்டிக்கொள்ளும் போதெல்லாம் இதே இருமல்தான் என்பது நீலாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. பனி என்று நினைத்திருந்தாள். ஐஸ் தின்கிறாயா என்று அடித்தும் இருக்கிறாள். குனிந்து தன் சேலையில் அப்பியிருந்த தூளைப் பார்த்தாள்.

"கிட்ட வராத. அங்கியே நில்லு."

குழாயடிக்கு ஓடி, மருந்துக் குப்பியைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கூட்டைக் கழுவினாள். துடைக்க முந்தியைத் தூக்கியவள் சட்டென்று விட்டுவிட்டாள். உதறி உதறிக் காயவைத்து, மாட்டி, குழாய்த் திட்டில் வைத்துவிட்டு விலகினாள். அனுசியா எடுத்து இழுத்து மூச்சைப் பிடித்தாள்.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீலாவதி நேராக விளையாட்டு வாத்தியார் சகாயராஜிடம் போனாள். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள்.

"எம் பொண்ணுக்கு இழுப்பு இருக்குதுங்க சார். இப்பதான் மருந்து போட்டுது. செத்த பொறுத்து ஓட வுடுங்க."

யாரோ திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் தலையாட்டிவிட்டு, பையன்கள் ஓட்டங்களை முதலில் விடச் சொன்னார்.

அவை முடிவதற்குள் அனுசியாவின் மூச்சு சீராகியிருந்தது. அம்மாவிடம் இன்ஹேலரை நீட்டினாள்.

"உங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் நீலாவதி.

காற்று அவள் பக்கமிருந்து மைதானத்தைப் பார்த்து அடித்தது. சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி, எதிர்ப்பக்க வேலியோரம் போய் நின்றாள். விசில் ஊதினார்கள். முதல் வளைவிலேயே அனுசியாவின் கண் கூட்டத்தில் அவளைத் தேடுவது தெரிந்தது. நீலாவதி கையை உயரத் தூக்கினாள். தூள் உதிர்ந்து வேலிக்கு வெளியே பறந்தது.