சொல்வதை எழுதுதல்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தப்பான சிலேட்டிலிருந்து. 1961 ஆடி மாதம், தென்காசியில் ஒரு பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். அன்று தப்பாக எழுதிய ஐம்பத்தொருவரில் நானும் ஒருவன். ஆனால் கதை மங்களேஸ்வரி டீச்சருடையது. நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

2.

'குற்றால மலையில் மேகம் கவிந்த ஓர் இனிய...' வேண்டாம். டீச்சருக்கு அன்று எதுவும் இனிக்கவில்லை. நின்று நின்று கால் வீங்கியிருந்தது; கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. சாரல் வலுத்து மழையாகித் தகரக் கூரையில் விழ, சொல்வதை எழுதச் சொன்னார். பத்துச் சொல். ஒருவர் காதிலும் விழவில்லை. பேராச்சியின் சிலேட்டில் மட்டும் பத்தும் சரி.

போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு கூப்பிட்டால் திரும்பாதவள். மக்கு என்று கடைசி வரிசைக்குப் போனவள். பின்னால் கூரை ஒழுகியதால் அன்று முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிட்டி எழுதுன?"

"டீச்சர் வாயப் பாத்தேன்."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவள் பெயரைச் சொன்னார். பிள்ளை முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தது.

3.

(டீச்சர் அழுததாக ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அழவில்லை. "காது என்ன செவிடாட்டி ஒனக்கு?" என்று கேட்டுக் கேட்டுப் பிரம்பெடுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.)

மறுநாளிலிருந்து பிள்ளைகளைப் பார்த்தே பேசினார். அப்புறம்தான் மற்றதும் தெரிந்தது. உச்சிமாகாளிக்குக் கரும்பலகை எழுத்து கண்ணுக்கு எட்டவில்லை. மூசா வாயால் சொல்லுவான், எழுத வராது. ஆளுக்கொரு விதமாகச் சொல்ல வேண்டும். தொண்டை ஒன்றுதான்.

4.

"திங்கக்கெழம இன்ஸ்பெக்டர் வருதாரு டீச்சர்," என்றார் தலைமையாசிரியர் காந்திமதிநாதன். "அந்தக் காது கேக்காத பிள்ளய வரவேண்டாம்னு சொல்லிருங்க. அது முழிச்சா, அப்புறம் இங்கன வச்சுக்கிட முடியாது."

"அவளும் என் கிளாஸ்தான் சார். வருவா."

சொல்லி முடித்ததுமே டீச்சருக்கு அலுப்பாக இருந்தது.

5.

இன்ஸ்பெக்டருக்கு உதட்டை மூடிய மீசை. பேராச்சியைத்தான் எழுப்பினார். "ஏழெட்டு எத்தனை?" மீசை அசைந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற டீச்சரைப் பார்த்தாள். ஏழாம் வாய்ப்பாடு அவளுக்குப் பாதிதான் வந்திருந்தது.

நான் எழுதிப் பார்த்த முதல் முடிவில் டீச்சர் சத்தமில்லாமல் கேள்வியைத் திருப்பிச் சொல்கிறார். இன்னொன்றில் விடையை.

உதடு அசைந்தது, நான் பார்த்தேன். "அம்பத்தாறு," என்றாள் பேராச்சி. இன்ஸ்பெக்டர் அடுத்த வரிசைக்குப் போனார். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த உதட்டில் அசைந்தது கேள்வியா விடையா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். அவரிடம் கேட்க வேண்டாம். களைத்திருக்கிறார்.